அறுந்திருக்க வேண்டிய கயிறு

அந்த மனிதர் எப்போதும் குழாயடியில்தான் நிற்பார். பூங்காவுக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்கம் ஒரு குடிநீர்க் குழாய் இருக்கிறது. பாதி நாள் அதில் தண்ணீர் வராது. தண்ணீர் வராத குழாயடியில் ஒருவருக்கு என்ன வேலை என்பதுதான் எனக்கு முதலில் எழுந்த கேள்வி. ஐம்பதைத் தாண்டியவர். சட்டையை வெளியே விட்டிருப்பார், தோளில் ஒரு ரெக்சின் பை தொங்கும். அவரோடு எந்தக் குழந்தையும் வருவதில்லை. யாரோடும் பேசமாட்டார். சறுக்குமரத்தில் பிள்ளைகள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே நிற்பார். பொழுது மங்கும்போது கிளம்பிவிடுவார்.

எங்கள் ஊர்ப் பூங்கா பெரியது இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே விட்டிருக்கும் இடத்தில் ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா, சுற்றும்போதெல்லாம் கிறீச்சிடும் ஒரு ராட்டினம், அவ்வளவுதான். சுற்றுச்சுவரை ஒட்டி வெளியே லாரிகள் நிற்கும். சங்ககிரிக்குச் சரக்கேற்றப் போகிற வண்டிகள் என்பார்கள். லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைந்து நிற்கும் அளவுக்கு இடைவெளி உண்டு. அதையும் நான் பார்த்து வைத்திருந்தேன்.

மகளுக்கு ஆறு வயது. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இனி குழந்தை இல்லை என்று உறவுக்காரர்கள் எல்லோரும் எங்களை விசாரிப்பதையே நிறுத்திவிட்ட பிறகு பிறந்தவள். பூங்கா வாசலில் பானிபூரி விற்பவர் முதல் நாளே, "பேத்திங்களா சார்?" என்று கேட்டார். இல்லை, மகள் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு ஒரு பூரியைக் கூடுதலாக வைத்தார். அந்தப் பூரியையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. மாலையில் அவளிடம் டியூஷன் படிக்கப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதால், மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. போகும் வழியெல்லாம் பாடம் நடத்துவேன். யார் என்ன கொடுத்தாலும் வாங்கக்கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. 'வா சாமி, உங்கப்பா கூப்பிடறாரு' என்று யாராவது சொன்னால் கத்த வேண்டும்.

"எல்லாருமே சாமின்னுதானப்பா கூப்பிடறாங்க?" என்று கேட்டாள்.

உண்மைதான். எங்கள் பக்கத்தில் பிச்சை கேட்கும் கிழவரும் சாமிதான், அவருக்குக் காசு போடும் குழந்தையும் சாமிதான். கடைக்காரர், பஸ் கண்டக்டர், மருந்துக் கடைப் பையன் எல்லோரும் குழந்தைகளைச் சாமி என்றுதான் அழைப்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நம் ஆள்தான் என்று பிள்ளைகள் பின்னாலேயே போய்விடும் என்பதுதான் என் பயம். அதனால், "சாமின்னு கூப்பிட்டா நின்னு யோசி" என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து என் அண்ணன், "சாமீ, இங்க வா, முறுக்குத் திங்கலாம்" என்று கூப்பிட்டார். இவள் வாசலிலேயே நின்றுகொண்டு, "பெரியப்பா, நீங்க சாமின்னு கூப்பிட்டா நான் யோசிச்சிட்டுத்தான் வருவேன்" என்றாள். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏண்டா தம்பி, பெரியப்பன் முறுக்குக் குடுத்தாக்கூட யோசிக்கற மாதிரியா புள்ளைய வளக்கற?"

அந்த நாட்களில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆடியோ சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அழுகிற குரலில், வண்டியில் வந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார். நான் அதை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன்.

"இதே ஆடியோவ போன வருசமும் கேட்டமுங்க. அப்ப வேற ஊரு பேரச் சொன்னாங்க" என்றாள்.

"ரெண்டு ஊர்லயும் நடந்திருக்கலாமில்ல?"

"அழுகை கூட அதே எடத்துல வருதுங்க."

அவள் சொன்னது எனக்கும் புரிந்தது. ஆனாலும் மறுநாள் பூங்காவில் குழாயடி மனிதரைப் பார்த்தபோது அந்த அழுகைதான் காதில் கேட்டது. பூங்காக் காவலாளியிடம் மெதுவாக விசாரித்தேன்.

"யாருங்க அந்தாளு? தினமும் வர்றாரு."

"பார்க்குன்னா நாலு பேரு வருவாங்க போவாங்க சார். நீங்களுந்தான் தினமும் வர்றீங்க."

"நான் கொழந்தையோட வர்றேன்."

"அதுவும் சரித்தானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கேட் அருகே போய் உட்கார்ந்துகொண்டார். அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண்ணும் உண்டு. அவள் மேல் எனக்கிருந்தது பயமல்ல, எரிச்சல். இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். வந்ததும் போனை எடுத்தால் தலை நிமிராது. பையன்கள் அடித்துக்கொண்டால், கண்ணைப் போனிலிருந்து எடுக்காமலே, "டேய், அக்கட்டால போயி அடிச்சுக்குங்கடா" என்பாள். பின்னாலிருந்து யாராவது இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போனால்கூட இவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் அவள் பையன்களையும் சேர்த்து நானே கவனித்தேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கயிற்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

கோடை விடுமுறையில் ஒரு நாய் மகளைத் துரத்தியது. கடிக்கவில்லை. ஆனால் பயந்துபோய், தூக்கத்தில் அலறி, காய்ச்சலில் படுத்துவிட்டாள். அண்ணி அவளை நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து, கழுத்தில் கறுப்புக் கயிறும் ஒரு சிறிய செப்புத் தாயத்தும் கட்டிக் கூட்டிவந்தார். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று சொல்லிக்கொண்டேதான், குளிப்பாட்டும்போது தாயத்து நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

அந்தக் கயிறு சீக்கிரமே அறுந்தது. அண்ணி பதறிப்போனார். கழுத்தில் கட்டிய கயிறு தானாக அறுந்தால் நல்லதில்லை என்பது அவர் கணக்கு. மறுபடி கோயிலுக்குப் போய்க் கட்டிவந்தார். பள்ளியில் விளையாடும்போது அதுவும் அறுந்தது. அண்ணன் அறுந்த கயிற்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதென்ன கயிறா? மட்டமான நூலை முறுக்கிச் சாயத்துல முக்கிக் குடுத்திருக்கறான். நெசவுக்காரன் ஊட்டுப் புள்ள கழுத்துல இதையா கட்டறது?"

எங்கள் குடும்பம் நெசவுக் குடும்பம். நான் படித்து அலுவலக வேலைக்குப் போய்விட்டேன், அண்ணன் பக்கத்து ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் நூல் அறுவது என்பது ஒரு குற்றத்தைப் போல. ஓர் இழை அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் வேலை நிற்கும். தறி ஓடும் சத்தத்தில் எங்களில் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை. சத்தம் நின்றால்தான் வீடே விழித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில், ஒரு குழந்தையின் கழுத்துக் கயிறு அடிக்கடி அறுவதை அண்ணனால் தாங்க முடியவில்லை.

சேலைப் பார்டருக்கு வாங்கியிருந்த கறுப்புப் பாலியஸ்டர் நூலை எடுத்துப் பல இழைகளாகச் சேர்த்து, தொடையில் வைத்து முறுக்கினார். முறுக்கி முடித்து என்னிடம் நீட்டினார்.

"இழு."

இழுத்தேன். கையைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். விரல் சிவந்ததே தவிர, கயிறு அசையவில்லை.

"இது அந்துபோச்சுன்னா தறிய இரும்புக்குப் போட்டுட்டு, உன்ற காலேஜ்ல வாட்ச்மேனா வந்தர்றேன்" என்றார்.

"உங்கள எவன் வேலைக்கு வெப்பான்? ஒக்காந்த எடத்துலயே தூங்கிப்போவீங்க" என்றார் அண்ணி. எல்லோரும் சிரித்தோம். தாயத்தைக் கோத்து மகள் கழுத்தில் கட்டினார் அண்ணன். முடிச்சு அவிழாமலிருக்க நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டார். அப்போது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. 

அன்று மாலை குழாயடி மனிதர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்திருந்தார். ரெக்சின் பையைத் திறந்து எதையோ எடுத்தார். கைக்குட்டை. அதை நனைத்து—அன்று குழாயில் தண்ணீர் வந்தது—கீழே விழுந்து அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியின் முழங்காலைத் துடைத்துவிட்டார். அந்தச் சிறுமி அவருக்கு யாருமில்லை என்பது எனக்குத் தெரியும், அவளுடைய அம்மாவை எனக்குத் தெரியும். துடைத்தவர் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு ஓடினாள்.

இதுதான் சமயம் என்று நினைத்தேன். போனை எடுத்து, பானிபூரி வண்டியைப் படம் பிடிப்பவன்போலத் திருப்பி, அவரை இரண்டு படம் எடுத்தேன். தெருக் குழுவைத் திறந்தேன். 'இந்த நபரை யாருக்காவது தெரியுமா? தினமும் பூங்காவில் குழந்தைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எச்சரிக்கையாக இருக்கவும்' என்று அடித்தேன். 'எச்சரிக்கையாக' என்ற சொல்லில் ஓர் எழுத்து தப்பாக விழுந்திருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சறுக்குமரத்தின் உச்சிக்குப் போனதும், "அப்பா, பாரு!" என்று கத்துவாள். நான் பார்த்து, கையை ஆட்டினால்தான் சறுக்குவாள். அன்றும் அப்படிக் கத்தியிருப்பாள். நான் நிமிராமலே கையை ஆட்டியிருப்பேன். அதன் பிறகு அடுத்த "அப்பா, பாரு" வந்திருக்க வேண்டும். வரவில்லை. தறி நின்றால் விழித்துக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். அன்று நின்றுபோன சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

என் பக்கத்தில் ஒரு செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடியது. வேப்பமரத்தடிப் பெண். அவளுடைய போன் மண்ணில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

சறுக்குமரத்தின் உச்சியில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. இடது கம்பி சறுக்குப் பலகையோடு சேருமிடத்தில் ஒரு போல்ட் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது எல்லோருக்கும் தெரிந்த போல்ட். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை அதில்தான் மாட்டிவிட்டு விளையாடும். என் மகளின் பாட்டிலையே நான் பலமுறை அதில் மாட்டியிருக்கிறேன். குனிந்து உட்கார்ந்தபோது அவளுடைய கயிறு சட்டைக் கழுத்திலிருந்து வெளியே விழுந்து அந்தப் போல்டில் மாட்டியிருக்கிறது. அவள் சறுக்கிவிட்டாள். உடம்பு கீழே வந்துவிட்டது. கயிறு வரவில்லை.

பலகையின் மேல் பகுதியில், கழுத்து மேலே இழுபட, கால் கீழே உதைத்துக்கொண்டு கிடந்தாள். சத்தம் வரவில்லை. முகத்தின் நிறத்தை நான் எழுதப்போவதில்லை.

ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். எங்கள் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். நூல் சிக்கினால் வெடுக்கென்று இழுத்து அறு, பிறகு முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். இழுத்தேன். அறவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கயிறு என் விரலை அறுத்தது. பல்லால் கடிக்கப் போனேன். அந்தப் பெண் பலகைக்குப் பக்கத்தில் நின்று என் மகளின் இடுப்பைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே, "அறுக்காதீங்க! கழட்டுங்க! நான் மேல தூக்கறேன், நீங்க கழட்டுங்க!" என்று கத்தினாள்.

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் இழுத்தேன்.

"யோவ், கழட்டுய்யா!"

அப்போதுதான் கயிறு தளர்ந்திருப்பதைப் பார்த்தேன். போல்டிலிருந்து தூக்கினேன். மிகச் சுலபமாக, பாட்டில் வாரைக் கழற்றுவதுபோல வந்துவிட்டது.

மகள் முதலில் மூச்சிழுத்தாள், பிறகு இருமினாள், பிறகு அழுதாள். அவள் அழுததைக் கேட்டு அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து தானும் அழுதாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டும்போது ஏனோ குழாயடியைப் பார்த்தேன். அந்த மனிதர் அங்கே இல்லை. அவ்வளவு கூட்டம் கூடியபோது ஒருவர் ஏன் போய்விட வேண்டும் என்று அந்த ஓட்டத்திலும் எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரிக்கோலால் அந்தக் கயிற்றை வெட்டினார். ஒரே வெட்டில் வரவில்லை. "எதுலங்க செஞ்சது இது?" என்று கேட்டார்.  டாக்டர் தொண்டையையும் கழுத்து எலும்பையும் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், அன்று இரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்தார். நல்ல நேரம், சீக்கிரம் தூக்கிவிட்டீர்கள் என்றார். மகளின் கழுத்தைச் சுற்றி ஒரு சிவந்த கோடு, நெய்த கரையைப் போல நேராக இருந்தது. குரல் சில நாட்கள் கரகரத்தது.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது கயிற்றைப் பற்றித்தான். அண்ணி அழுதுகொண்டே, "கயிறு இருந்ததாலதான் புள்ள பொழச்சுது. அந்தக் கண்டம் அதோட போச்சு. நாளைக்கே போயி வேற கட்டிட்டு வந்தர்றேன்" என்றார்.

என் மனைவி பொதுவாக அண்ணியை எதிர்த்துப் பேசமாட்டாள். அன்று, "அக்கா, கயிறு இருந்ததாலதான் மாட்டுச்சு" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். 

அண்ணன் அந்த வெட்டிய கயிற்றை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் நெடுக நீவினார். வெட்டிய இடத்தைத் தவிர ஓர் இழைகூட விட்டிருக்கவில்லை. அவர் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். எங்காவது ஒரு பிசிறாவது தெரிந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்லாத்தான் முறுக்கியிருக்கறேன்" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் தறி ஓடவில்லை. மாலையில் அண்ணன் ஒரு புதுக் கயிற்றோடு வந்தார். மெல்லிய பருத்தி நூல், நடுவில் ஒற்றை இழையால் ஓர் இணைப்பு. மகளின் கையில் கொடுத்து, "இழு சாமி" என்றார். அவள் இழுத்ததும் பொட்டென்று அறுந்தது. அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கரகரத்த குரலில், "இன்னொண்ணு குடுங்க பெரியப்பா" என்றாள்.

"அந்துபோனா நல்ல சகுனமில்லயே" என்றார் அண்ணி.

"அந்துபோகட்டும். எத்தன தடவ அந்தாலும் நான் கட்டித் தாரேன்."

மனைவி அதற்கும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும்போது போட்டுக்கொள்ளட்டும், விளையாடப் போகும்போது கழுத்தில் எதுவும் கூடாது என்றாள். கயிறு, சங்கிலி, துப்பட்டா, பள்ளி அடையாள அட்டையின் பட்டை, தண்ணீர் பாட்டில் வார் எதுவும் கூடாது. அண்ணி, "அப்ப கதவுக்குப் பின்னால ஆணில மாட்டி வெச்சுட்டுப் போகட்டும். சாமி ஊட்லயே இருந்து பாத்துக்கும்" என்றார். அது எல்லோருக்கும் சரியாகப்பட்டது.

மகள் மட்டும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்பப்பா பார்க்குக்குப் போலாம்?"

அவளுக்குப் பயமில்லை. எனக்குத்தான். அதுவரை ஆட்களைச் சந்தேகப்பட்டவன், இப்போது கம்பிகளையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். கல்லூரி மாடிப்படியில், பஸ் ஜன்னலில், கோயில் கம்பி வேலியில், எங்கே பார்த்தாலும் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்தான் கண்ணில் பட்டது. மகளை இனி பூங்காவுக்கே அனுப்புவதில்லை என்று ஒரு நாள் முடிவெடுப்பேன். அவள் ஜன்னலில் நின்று தெருவைப் பார்ப்பதைக் கண்டதும் அந்த முடிவு ஆட்டம் காணும். கடைசியில், ஒரு முறை நானே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்வதற்கு முன்பே போனேன். அந்தப் போல்ட் அப்படியே இருந்தது. நகராட்சியில் நான் சொல்லியிருந்தேன், ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். காவலாளி, "அது பல வருசமா அப்படித்தானுங்க இருக்குது. புள்ளைங்க பாட்டில் மாட்டிக்கும்" என்றார். லாரி பாடி கட்டும் பட்டறையில் கேட்டு வாங்கிய ரப்பர் மூடி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதைப் போல்டில் வைத்து அழுத்தித் தட்டினேன். நன்றாக உட்கார்ந்தது.

அது போதவில்லை. பார்த்தால் தெரியாத இடங்கள் இருக்குமே. பாக்கெட்டிலிருந்து அந்தப் பழைய கயிற்றை எடுத்தேன். தாயத்து அதிலேயே இருந்தது. வெட்டிய நுனிகளைச் சேர்த்துக் கட்டி, பிள்ளைகள் கழுத்து உயரத்தில் ஒவ்வொரு கம்பியிலும் வைத்து இழுத்துக்கொண்டே போனேன். ஏணிப் படியில் மாட்டவில்லை. பலகையின் விளிம்பில் ஓரிடத்தில் தகடு பிரிந்திருந்தது, தாயத்து அங்கே போய்ச் சிக்கியது. கூழாங்கல்லால் தட்டிப் படிய வைத்தேன். பிறகு ஊஞ்சலுக்குப் போனேன்.

"ஏனுங்க, அங்க என்ன கட்டறீங்க?"

திரும்பினேன். இடுப்பில் ஒரு குழந்தையோடு இளம்பெண் ஒருத்தி. நான் முன்பு பார்த்ததில்லை.

"கட்டலீங்க. எங்க மாட்டுதுன்னு பாக்கறேன்."

"எது மாட்டுது?"

"கயிறுங்க."

அவள் கண் என் கையிலிருந்த கறுப்புக் கயிற்றையும் தாயத்தையும் பார்த்தது. அப்போதுதான் நான் எப்படித் தெரிகிறேன் என்று எனக்கே உறைத்தது. ஆளில்லாத நேரத்தில், குழந்தைகள் தொடுகிற கம்பியிலெல்லாம் மந்திரித்த கயிற்றை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிற ஒரு நரைத்த ஆள்.

"உங்க கொழந்த எங்கீங்க?"

"ஊட்ல இருக்குதுங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அது என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, போனை எடுத்து, மறைக்காமல், நேராக என்னைப் படம் எடுத்தாள். பிறகு, "வாட்ச்மேன் அண்ணா! இங்க வாங்க. இந்தாளு செய்வினை கியிவினை வெக்கறாரான்னு பாருங்க" என்று கூப்பிட்டாள்.

காவலாளி வந்தார். "சார் தினமும் வர்றவருதானுங்க" என்றார். நான் மூச்சு விட்டேன். "ஆனா இன்னிக்கு எதுக்குத் தனியா வந்தாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று முடித்தார்.

சொல்ல ஆரம்பித்தேன். மகள், கழுத்து, போல்ட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இன்னும் குழறியது. நல்லவேளையாக வேப்பமரத்தடிப் பெண் தன் பையன்களோடு உள்ளே வந்தாள். கையில் போன், அதன் கண்ணாடியில் புதிதாக ஒரு விரிசல். நிலைமையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அட, அந்தப் பாப்பாவோட அப்பாங்க இவரு. கழுத்து மாட்டுச்சே, அந்தப் பாப்பா. அன்னிக்குக் கழட்டுங்கன்னா அறுக்கப் பாத்துட்டு நின்னாரு. இன்னிக்கு எதக் கழட்ட வந்தாருன்னு தெரியல."

இளம்பெண்ணின் முகம் இளகியது. ஆனால் எடுத்த படத்தை அழிக்கவில்லை. "இருக்கட்டுங்க" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. கேட்ட விதமும் சரி, முகத்துக்கு நேராகக் கேட்டாள். குழாயடி மனிதரிடம் நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. அவருடைய இரண்டு படங்களும் என் போனில் இன்னும் இருக்கின்றன. அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

அன்று நானும் அந்த இரண்டு பெண்களுமாக ஊஞ்சல், சீசா, ராட்டினம் எல்லாவற்றையும் பார்த்தோம். ஊஞ்சல் கொக்கி ஒன்று வாய் திறந்திருந்தது. இளம்பெண் தன் குழந்தையின் கழுத்திலிருந்த பாசிமணியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வேப்பமரத்தடிப் பெண் தன் பையன்களின் பாட்டில் வார்களைக் கழற்றிக்கொண்டே, "உங்கூட்டுப் பாப்பாவ நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. ஊட்லயே வெச்சிருந்தா அங்க மட்டும் போல்ட் இல்லாமயா இருக்குது?" என்றாள்.

கூட்டிப்போனேன். கயிறு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. வழியில் பாடம் எதுவும் நடத்தவில்லை, வாயில் வந்ததையெல்லாம் அடக்கிக்கொண்டேன். மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். சறுக்குமரத்தடியில் ஒரே கூச்சல். ரப்பர் மூடி போட்டதிலிருந்து பாட்டில் வழுக்கி விழுகிறதாம்.

"யாரு இத இப்படிப் பண்ணி வெச்சது? மாட்டவே முடியல!" என்று ஒரு பையன் சத்தம் போட்டான்.

"எங்கப்பாதான்" என்றாள் மகள், அதில் ஒரு பெருமையும் இல்லாமல்.

நான் பெஞ்சில் உட்காரவில்லை. பலகைக்குப் பக்கத்தில், அன்று அந்தப் பெண் நின்ற இடத்தில் நின்றுகொண்டேன். அப்போது குழாயடிக்கு அவர் வந்தார். அதே சட்டை, அதே பை. அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அன்று எங்கே போனார் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உதவிக்கு ஆள் கூப்பிட ஓடியிருக்கலாம். பயந்து ஓடியிருக்கலாம். வேறு எதற்காகவும் இருக்கலாம். போய்க் கேட்க இரண்டு அடி எடுத்து வைத்தேன்.

"அப்பா, பாரு!"

உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். சட்டைக் கழுத்து வெறுமையாக இருந்தது. சிவந்த கோடு இன்னும் முழுதாக மறையவில்லை. அவள் கை ஆட்டவில்லை, காத்திருந்தாள். நான் திரும்பி வந்து, அண்ணாந்து பார்த்து, கையை ஆட்டினேன். உட்கார்ந்தாள். சறுக்கிக் கம்பியைத் தாண்டினாள். கடைசி வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கீழே வந்து மண்ணில் குதித்துவிட்டு மறுபடி ஏணிக்கு ஓடினாள்.

திரும்பிப் பார்த்தபோது குழாயடியில் யாரும் இல்லை. லாரிகளுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்க்கக் கழுத்து தானாகத் திரும்பியது. அதற்குள் அவள் பாதி ஏணி ஏறியிருந்தாள். முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டேன்.